ஆயா கையில் இருந்த பச்சைக்கு என்ன அர்த்தம்?

கேள்வி இதுதான். ஒரு பெண், போன மாதம் காலமான தன் ஆயாவின், அதாவது பாட்டியின், முன்கையில் இருந்த கோலப் பச்சையை அப்படியே தன் கையிலும் குத்திக்கொள்ள நினைக்கிறார். டாட்டூ ஸ்டுடியோவில் "இது முடிவிலியின் குறியீடு" என்று சொன்னார்களாம். இணையத்தில் தேடினால் தேளுக்கு ஒன்று, மயிலுக்கு ஒன்று, மூன்று புள்ளிக்கு ஒன்று என்று பட்டியல் போட்டிருக்கிறார்கள், ஒரு பட்டியல் இன்னொன்றோடு ஒத்துப்போகவில்லை. எது சரி என்று கேட்கிறார். கூடவே, அம்மாவிடம் சொன்னதும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம், அது ஏன் என்றும் கேட்கிறார்.

முதல் வேலையாக அந்தப் பட்டியல்களை மூடி வையுங்கள். அவற்றில் எது சரி என்று பார்க்க வேண்டியதே இல்லை, ஏனென்றால் படத்துக்குப் படம் அர்த்தம் எழுதி வைக்கும் பழக்கமே நம் பச்சைக்குக் கிடையாது.

இதை எப்படிச் சொல்கிறேன் என்றால், நான் செஞ்சிப் பக்கம் பள்ளிகளில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக வரும் ஆயாக்களின் கைகளைப் பார்த்துப் பார்த்து, ஒரு கட்டத்தில் அனுமதி கேட்டு நோட்டில் வரைய ஆரம்பித்தேன். இருநூறு கைகளுக்கு மேல் இருக்கும். ஆரம்பத்தில் எல்லோரிடமும் நீங்கள் கேட்ட அதே கேள்வியைத்தான் கேட்டேன்: இதுக்கு என்ன அர்த்தம்? "அழகுக்குத்தான்." "எங்கம்மா குத்திவுட்டா." "எல்லாரும் குத்திக்கினாங்க, நானும் குத்திக்கினேன்." இவ்வளவுதான் வரும். தேள் என்றால் வீரம், மீன் என்றால் வளம் என்று ஒரு ஆயாகூட எனக்குச் சொல்லவில்லை. சரி, இவர்களுக்குத் தெரியவில்லை போல, மறந்துவிட்டார்கள் போல என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். படித்தவனுக்கு வரும் முட்டாள்தனம் அது. அப்புறம் ஒரு நாள் தற்செயலாகக் கேள்வியை மாற்றினேன். எப்போ குத்திக்கினீங்க, யாரு பக்கத்துல இருந்தாங்க, என்ன குடுத்தீங்க? அவ்வளவுதான், அரை மணி நேரத்துக்குப் பேச்சு நிற்கவில்லை. வயதுக்கு வந்த வருஷம், அறுப்பு முடிந்து களத்தில் நெல் கிடந்த நேரம், பெரியம்மா கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது, அழுததற்கு வெல்லம் கொடுத்தது, கூலியாக நெல்லும் ஒரு பழைய புடவையும் கொடுத்தது, ராத்திரி கை வீங்கியது, மறுநாள் அப்பா பார்த்து ஒன்றும் சொல்லாமல் போனது. அர்த்தம் அங்கேதான் இருந்தது. கோடு அதற்கு ஒரு அடையாளம், அவ்வளவுதான்.

குத்தியவர்களைப் பற்றிச் சொல்லாமல் பச்சையைப் பற்றிப் பேசவே முடியாது, ஆனால் இன்றைக்கு எல்லோரும் அப்படித்தான் பேசுகிறார்கள். தமிழ்நாட்டில் ஊர் ஊராக நடந்து பச்சை குத்தியவர்கள் பெரும்பாலும் குறவர் சமூகத்துப் பெண்கள். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1909-இல் தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார், அதில் உப்புக் குறவர், கருவேப்பிலைக் குறவர் என்று தொழிலை வைத்துப் பிரிவுகளைச் சொல்லும்போது பச்சைகுத்தி என்றே ஒரு பிரிவைக் குறிப்பிடுகிறார். (அருங்காட்சியகத்துக்கு வந்தவர்களின் மூக்கை அளந்துகொண்டிருந்த மனிதர் அவர், அவர் எழுதியதை எல்லாம் அப்படியே விழுங்கக் கூடாது. ஆனாலும் அந்தக் காலப் பச்சையைப் பற்றி இவ்வளவு எழுதி வைத்தவர்கள் வேறு யார்?) குறவரும் நரிக்குறவரும் ஒன்று என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், இல்லை. மொழி, வரலாறு, பழக்கவழக்கம் எல்லாமே வேறு.

அந்தப் பெண்கள் இடுப்பில் கூடையோடு தெருவில் கூவிக்கொண்டு வருவார்கள். திண்ணையில் உட்கார்ந்ததும் நாலு பெண்கள் கூடிவிடுவார்கள். மையைப் பற்றி ஆளுக்கொரு கைப்பக்குவம் சொல்வார்கள்: அகத்திக்கீரையையும் மஞ்சளையும் துணியில் சுற்றி எரித்து, அந்தக் கரியைத் தண்ணீரில் குழைப்பது ஒரு வகை, விளக்குக் கரியைக் கரிசலாங்கண்ணிச் சாற்றில் குழைப்பது ஒரு வகை, பிள்ளை பெற்றவள் யாராவது பக்கத்தில் இருந்தால் தாய்ப்பாலில் குழைப்பது இன்னொரு வகை. எதில் குழைத்தாலும் அடிப்படை ஒன்றுதான், கரி. முதலில் ஈர்க்குச்சியாலோ மழுங்கிய ஊசியாலோ மையைத் தொட்டுத் தோலின் மேல் படம் எழுதிக்கொள்வார்கள், அப்புறம் இரண்டு மூன்று ஊசிகளைச் சேர்த்துக் கட்டி அந்தக் கோட்டின் மேலேயே குத்திக்கொண்டு போவார்கள், கடைசியில் மஞ்சள் பூசி விடுவார்கள். குத்தும்போது பாட்டு உண்டு, குத்திக்கொள்கிறவளின் கவனத்தை வலியிலிருந்து திருப்புவதற்காக. புருஷன் எப்படி வருவான், மாமியார் எப்படி இருப்பாள் என்று கேலியாகப் போகுமாம். அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிடுவாள் என்று ஒரு ஆயா சொன்னார், எண்பது வயதில் அதைச் சொல்லும்போதும் சிரித்தார்.

ஒவ்வொரு வீட்டுத் திண்ணையிலும் உட்கார்ந்து அந்த வீட்டுப் பெண்ணின் கையைப் பிடிக்கும் உரிமை அந்தக் காலத்தில் எத்தனை பேருக்கு இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். தண்ணீரைக்கூடத் தூக்கி ஊற்றியவர்கள், கையை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு ரத்தம் துடைக்க விட்டார்கள். இதே நடமாட்டத்தை வெள்ளைக்கார போலீஸ் வேறு மாதிரிப் பார்த்தது. குறி சொல்கிறேன், பச்சை குத்துகிறேன் என்று வீடுகளுக்குள் வந்து திருட்டுக்கு வேவு பார்க்கிறார்கள் என்று எழுதி வைத்தது. 1911-இல் திருத்தி எழுதப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கு வந்தபோது குறவர்களும் அதில் மாட்டினார்கள், ஊர் விட்டு ஊர் போகவே தடை, கையெழுத்து, கைரேகை. நடந்து பிழைக்கிறவர்களை நடக்காதே என்றால் தொழில் என்ன ஆகும்? பச்சை ஏன் அழிந்தது என்று எழுதுகிறவர்கள் "நாகரிகம் வந்தது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள், இதையும் சேர்த்து எழுத வேண்டாமா?

இப்போது உங்கள் ஆயாவின் கோலத்துக்கு வருகிறேன். நீங்கள் சொல்லும் விவரத்தை வைத்துப் பார்த்தால் அது புள்ளியைச் சுற்றி வளைத்துப் போகும் கம்பிக் கோலம், சிக்குக் கோலம் என்றும் சொல்வோம். வாசலில் போடுவதுதான் கையிலும். தொடங்கிய இடத்திலேயே கோடு வந்து முடிந்தால் ஒரே கம்பி, இல்லையென்றால் இரண்டு மூன்று கம்பிகள் பின்னிக்கொண்டு போகும். இன்னொரு வகையும் உண்டு, உள்ளே போனால் திரும்பத் திரும்பச் சுற்றவைக்கும் கோட்டை மாதிரியான சுழல் கோலம். ஜான் லேயார்ட் என்ற ஆங்கிலேய மானுடவியலாளர் 1937-இல் தென்னிந்திய வாசல் கோலங்களையும் பச்சைக் கோலங்களையும் சேர்த்து வைத்து ஒரு கட்டுரை எழுதினார். அவர் அதற்கு முன்னால் பசிபிக் கடலில் இன்றைய வனுவாட்டு நாட்டில் இருக்கும் மாலெகுலா தீவுப் பக்கம் தங்கி ஆய்வு செய்தவர். அங்கே ஒரு நம்பிக்கை: செத்தவன் மறு உலகத்துக்குப் போகும் வழியில் ஒரு பேய் காவல் உட்கார்ந்திருக்கும், அது மணலில் ஒரு சிக்கலான கோலம் போட்டுப் பாதியை அழித்துவிடும், செத்தவன் மீதியைச் சரியாகப் போட்டு முடித்தால் வழி, போடத் தெரியாவிட்டால் பேய்க்குச் சாப்பாடு. நம் ஊர்ப் பச்சைக் கோலத்தையும் இந்த மாதிரிச் சாவுக்கு அப்பால் போகும் வழியோடு அவர் தொடர்புபடுத்திப் பார்த்தார். உங்கள் ஸ்டுடியோக்காரர் சொன்ன "முடிவிலி" இப்படிப்பட்ட எழுத்துகள் கைமாறிக் கைமாறித் தேய்ந்து வந்த மிச்சமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

லேயார்ட் சொன்னது முழுக்கச் சரி என்று நான் சொல்ல மாட்டேன். எங்கோ ஒரு தீவின் கதையைக் கொண்டுவந்து நம் வாசலில் ஒட்டுவது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் ஒன்று இருக்கிறது. நான் வரைந்த கைகளில் பலருக்கும் தெரிந்திருந்த ஒரே "தத்துவம்" சாவைப் பற்றியதுதான்: செத்தால் கூட வருவது பச்சை மட்டும். ஒரு ஆயா இப்படிச் சொன்னார்: "மேல போனா, என்னாத்த கொண்டாந்தேன்னு கேப்பான். கையக் காட்டணும்ல." அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் ரொம்ப நேரம் அந்த வாக்கியத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவரிடம் வேறு என்ன இருந்தது? கம்மல் மகள் கல்யாணத்துக்குப் போனது. மூக்குத்தி அடகுக் கடைக்குப் போய்த் திரும்பவில்லை. புருஷன் போனதும் தாலி, வளையல், பூ, பொட்டு எல்லாவற்றையும் ஊரே கூடி நின்று எடுத்தது. கையில் இருந்த கோலத்தையும் நெற்றியில் குத்தியிருந்த சின்னப் புள்ளியையும் யாராலும் எடுக்க முடியவில்லை. நெற்றியில் பச்சைப் புள்ளி குத்திக்கொண்ட பெண்கள் அந்தத் தலைமுறையில் நிறைய. குங்குமம் வைக்கக் கூடாது என்று விலக்கப்பட்டவளின் நெற்றியில் அந்தப் பச்சைப் பொட்டு சாகும்வரை இருந்தது. குத்தும்போது யாரும் இதையெல்லாம் யோசித்துக் குத்தியிருக்க மாட்டார்கள், பத்து வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும். ஆனால் அர்த்தம் என்பது குத்திய அன்றைக்கே முழுசாக வந்துவிடுவதில்லை, அந்த உடம்புக்கு என்னென்ன நடக்கிறதோ அதைப் பொறுத்துப் பின்னால் சேர்ந்துகொண்டே போகிறது.

பச்சையில் பெயர் குத்திக்கொள்வதும் அப்படித்தான். இன்று காதலி பெயர், பிள்ளை பெயர் என்று குத்துவது அன்பைக் காட்ட. பழைய கைகளில் பெயர் செய்த வேலை வேறு. ஆசிரியர்களுக்கு வாக்காளர் பட்டியல் வேலை போடுவார்கள் என்று தெரியும் இல்லையா, அப்படி ஒரு முறை போனபோது ஒரு பாட்டியிடம் வீட்டுக்காரர் பெயரைக் கேட்டேன். புருஷன் பெயரை வாயால் சொல்லக் கூடாத தலைமுறை. வழக்கமாகப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார், இல்லையென்றால் "அதான், முருகனோட இன்னொரு பேரு" என்று விடுகதை போடுவார்கள். இந்தப் பாட்டி பேசாமல் முந்தானையை விலக்கி முன்கையை நீட்டினார். எழுத்து ஊதிப்போய், ஒரு எழுத்து மட்டும் படிக்க முடியவில்லை, "இதுவா, இதுவா" என்று நான் இரண்டு மூன்று பெயர் சொல்லிப் பார்க்க, சரியான பெயர் வந்ததும் தலையை ஆட்டினார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

ஒரே ஊசி, ஒரே கரி, குத்துகிறவர் யார் என்பதில் எல்லாம் தலைகீழாகிவிடும் என்பதற்குக் கொடுமையான உதாரணம் ஒன்று உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் வங்காளத்தில் கொலை, கொள்ளை போன்ற குற்றங்களுக்கு ஆயுள் தண்டனை பெற்றவர்களின் நெற்றியில் குற்றத்தையே பச்சையாகக் குத்தினார்கள். கோத்னா என்று பெயர், வட இந்தியாவில் பெண்கள் ஆசையாகக் குத்திக்கொள்ளும் பச்சைக்கும் அதே பெயர்தான். அப்படிக் குத்தப்பட்டவர்கள் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் மொரீசியசுக்கும் கப்பல் ஏற்றப்பட்டார்கள், சாலையும் கட்டடமும் அவர்களை வைத்துப் போட்டார்கள். தலைப்பாகையைப் புருவம் வரை இறக்கிக் கட்டி மறைத்துக்கொண்டவர்கள் உண்டு. 1849-இல்தான் அதை நிறுத்தினார்கள். இதற்கு நேர் எதிர்த் திசையில் சத்தீஸ்கரின் ராம்நாமிகள் இருக்கிறார்கள். கோயிலுக்குள் விடாத சாதியில் பிறந்தவர்கள், 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கிய இயக்கம், ராமன் பெயரை உடம்பு முழுக்க, முகம் உட்பட, குத்திக்கொண்டார்கள். உள்ளே விடவில்லையா, சரி, உடம்பே கோயில் என்று. இந்த இரண்டு நெற்றிகளிலும் இருப்பது எழுத்துதான். பட்டியல் போடுகிறவர் இதற்கு என்ன அர்த்தம் எழுதுவார்?

நம் ஊரில் இதை மிக நன்றாகப் புரிந்துகொண்டவர் எம்.ஜி.ஆர். என்று சொன்னால் சிரிப்பீர்கள். அ.தி.மு.க. தொடங்கிய சில ஆண்டுகளில், 1970-களில், கட்சிக்காரர்கள் கட்சிக் கொடியைக் கையில் பச்சை குத்திக்கொள்ள வேண்டும் என்று சொன்னார். தொண்டர்கள் வரிசையில் நின்று குத்திக்கொண்டார்கள், தலைவர்களில் சிலருக்குத்தான் கசந்தது, கட்சிக்குள்ளேயே சண்டை வந்தது. ஏன் கசந்தது என்று சொல்லவா வேண்டும்? துண்டை மாற்றிக்கொள்ளலாம், தோலை மாற்ற முடியாது. சின்ன வயதில் இரட்டை இலை குத்திய கையோடு வேறு கட்சி மேடையில் முழுக்கைச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்த ஒருவரை எனக்குத் தெரியும், கோடை வெயிலிலும் மடக்க மாட்டார்.

அம்மா ஏன் முகத்தைத் திருப்பினார் என்பதற்கு என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியாது, உங்கள் அம்மாவை எனக்குத் தெரியாது. ஆனால் அவர் வயதுப் பெண்களை நிறையத் தெரியும். ஆயா தலைமுறை குத்திக்கொண்டது, அம்மா தலைமுறை பள்ளிக்கூடம் போனது. பள்ளியில், பஸ்ஸில், டவுன் ஆஸ்பத்திரியில் ஆயாவின் கையில் இருந்த பச்சையைப் பார்த்துப் "பட்டிக்காடு" என்று முடிவு கட்டியவர்கள் உண்டு. கூடவே சாதியும் முடிவு கட்டப்படும், ஏனென்றால் உழைக்கும் சாதிப் பெண்கள்தான் அதிகம் குத்திக்கொண்டார்கள், கையைப் பார்த்தாலே இது யார் வீடு என்று கணக்குப் போட்டுவிடுவார்கள். பிள்ளையைச் சேர்க்கப் பள்ளி அலுவலகத்துக்கு வந்த தாய்மார்கள் சேலைத் தலைப்பால் முன்கையை மூடிக்கொண்டு பேசியதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அந்த வெட்கத்தோடு வளர்ந்தவரிடம் போய், பல ஆயிரம் ரூபாய் கொடுத்து அதையே குத்திக்கொள்ளப் போகிறேன் என்றால் அவருக்கு என்ன தோன்றும்? தன் அம்மா மறைத்ததை மகள் காட்டுவதில் ஏதோ ஒன்று உறுத்தும். இன்னொன்று பயம். இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டுபிடிக்கப்பட்டது 1986-இல், சென்னையில். அதற்கப்புறம் வந்த பிரசாரத்தில் ஒரே ஊசியில் பலருக்குப் பச்சை குத்துவதையும் சேர்த்தே எச்சரித்தார்கள், அது சரியான எச்சரிக்கைதான், திருவிழாக் கடைகளில் பேட்டரி மெஷினை வைத்துக்கொண்டு ஊசி மாற்றாமல் நாள் முழுக்கக் குத்தினார்கள். உங்கள் அம்மா அந்த வருடங்களில் இளம்பெண்ணாக இருந்திருப்பார். பச்சை என்றதும் அவருக்கு அந்த எச்சரிக்கைகள் நினைவுக்கு வந்தால் அது அவர் தப்பில்லை.

பச்சை என்று ஏன் பெயர் வந்தது, வைத்தது கரிதானே என்று அடிக்கடி கேட்பார்கள். கரி தோலுக்கு அடியில் இருக்கிறது, நாம் பார்ப்பது மேல்தோல் வழியாக. வெளிச்சம் தோலில் சிதறித் திரும்பி வரும்போது கறுப்பு நீலமாக, நம் தோல் நிறத்தில் நீலப்பச்சையாகத் தெரிகிறது. கையில் நரம்பு பச்சையாகத் தெரிவதும் கிட்டத்தட்ட இதே வேடிக்கைதான். மேல்தோல் ஒரு மாத வாக்கில் உதிர்ந்து புதிதாகிவிடும், அங்கே மை நின்றால் மருதாணி மாதிரிப் போய்விடும். ஊசி அதற்குக் கீழே உள்ள தோலுக்குக் கொண்டுபோகிறது. அங்கே உடம்பின் காவல் செல்கள் வெளியிலிருந்து வந்த கரியை விழுங்கிவிடுகின்றன, செரிக்க முடிவதில்லை, வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. அந்தச் செல் செத்தால் கரி வெளியே விழும், அடுத்த செல் வந்து அதை எடுத்து விழுங்கும். 2018-இல் பிரான்ஸ் ஆய்வாளர்கள் எலிகளின் தோலில் இதைக் காட்டினார்கள். ஆக, உங்கள் ஆயாவின் கோலம் ஐம்பது அறுபது வருடம் இப்படிக் கைமாறிக் கைமாறி நின்றது, ஒவ்வொரு முறையும் இம்மி இம்மியாக நகர்ந்து. அதனால்தான் கோடு ஊதிப்போகிறது. ஆல்ப்ஸ் மலையில் 1991-இல் கிடைத்த ஓட்சி என்ற பனி மனிதன் உடம்பில் 61 பச்சைக் கோடுகள், 5,000 வருடத்துக்கு மேல் பழசு, அதுவும் கரிதான். அவன் கோடுகள் பல முதுகிலும் முழங்காலிலும் கணுக்காலிலும், தேய்மானம் இருந்த மூட்டுகளுக்குப் பக்கத்தில் இருப்பதால் வலிக்காகக் குத்தியிருக்கலாம் என்கிறார்கள். அப்படியென்றால் அழகுக்கும் இல்லை, அடையாளத்துக்கும் இல்லை, வைத்தியத்துக்கு.

சரி, குத்திக்கொள்வது என்று முடிவெடுத்தால் சில விஷயங்கள், ஓவியக்காரனாகச் சொல்வது. போட்டோவில் இருக்கும் கையை அப்படியே டிரேஸ் எடுக்க விடாதீர்கள். அது ஊதிப்போன கோடு, ஊதலையே நகல் எடுத்தால் உங்கள் கையில் இருபது வருடத்தில் அது வெறும் கறையாகிவிடும். புள்ளிகளைக் கண்டுபிடித்து, எத்தனை புள்ளி எத்தனை வரிசை என்று எண்ணி, மெல்லிய கம்பியாகத் திரும்பப் போட வேண்டும். கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே தாராளமாக இடம் விடுங்கள், ஆயாக்களின் கைகளில் இன்றைக்கும் தெளிவாக இருப்பவை எல்லாம் அப்படி இடம் விட்டுக் குத்தியவைதான். குறுக்கிச் சின்னதாகப் போட ஸ்டுடியோவில் ஆசை காட்டுவார்கள், வேண்டாம். கலரும் வேண்டாம், கறுப்பு மட்டும். பின்னால் மனசு மாறி லேசரில் எடுக்க நினைத்தாலும் கறுப்புதான் சுலபம், அப்போதும் ஒரே நாளில் போகாது, பல முறை போக வேண்டும், குத்தியதைவிட அதிகச் செலவு.

ஊசி உறையை உங்கள் கண் முன்னால் பிரிக்க வேண்டும், மையைச் சின்னக் கிண்ணத்தில் புதிதாக ஊற்ற வேண்டும், மிச்சத்தைப் பாட்டிலில் திரும்ப ஊற்றக் கூடாது. மஞ்சள் காமாலை வகைக் கிருமிகளான ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் இந்த வழியில் பரவும், அதனால்தான் பச்சை குத்தினால் 12 மாதம் ரத்த தானம் செய்ய முடியாது. உங்களுக்குக் காயம் ஆறிய இடத்தில் தழும்பு தடித்து வளரும் உடம்பு என்றால் குத்திக்கொள்ளவே வேண்டாம், கோலம் முழுக்க மேடாகிவிடும். வேலை விஷயத்தில் சும்மா பயமுறுத்துவார்கள். ராணுவத்தில் முன்கையின் உட்புறத்திலும் புறங்கையிலும் அனுமதி இருக்கிறது, மற்ற இடங்களில்தான் பிரச்சினை. நீங்கள் சேர நினைக்கும் வேலைக்கு என்ன விதி என்று மட்டும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

குறவர் பெண்கள் குத்திய கோலத்தை நான் எடுத்துக்கொள்ளலாமா என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். தாராளமாக. அது உங்கள் ஆயாவுக்காக அவர்கள் குத்திக் கூலி வாங்கிய வேலை, அவர் வாசலில் போட்ட கோலமும்தான். ஆனால் யாராவது கேட்டால் "பழங்குடி டிசைன்" என்றோ "பண்டைய தமிழர் குறியீடு" என்றோ சொல்லாதீர்கள். இன்ன ஊரில், இன்ன வருட வாக்கில், ஒரு குறவர் வீட்டுப் பெண் என் ஆயாவுக்குக் குத்தியது என்று சொல்லுங்கள். அந்தப் பெண்ணின் பெயர் எங்கேயும் இல்லை. நான் வரைந்த அத்தனை கைகளிலும் ஒரு கையில்கூட குத்தியவள் பெயர் யாருக்கும் நினைவில்லை, நானும் அந்தக் கேள்வியைக் கேட்க ஆரம்பித்ததே ரொம்பத் தாமதமாகத்தான்.

போட்டோவில் மணிக்கட்டுப் பக்கம் இரண்டு வரிசை ஒன்றாக ஒட்டிப் போயிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அங்கே எத்தனை புள்ளி இருந்தது என்று என்னாலும் சொல்ல முடியாது, ஸ்டுடியோக்காரராலும் முடியாது. உங்கள் அம்மாவால் முடியும். சின்ன வயதில் அந்தக் கையில் தலை வைத்துப் படுத்து, விரலால் அந்தக் கம்பியின் மேல் ஓட்டி விளையாடாத பிள்ளை கிடையாது. குத்திக்கொள்ளப் போகிறேன் என்ற பேச்சையே எடுக்காதீர்கள். ஒரு நோட்டையும் பேனாவையும் கொடுத்து, ஆயா கையில் இருந்ததைப் போட்டுக் காட்டும்மா என்று மட்டும் கேளுங்கள். முதலில் புள்ளி வைப்பார், அதை எண்ணிக்கொள்ளுங்கள்.